ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் மின்டும்: ரேம் கூட்டினால் பாதிப் பாதியா?

பால்மரத்தடி | சுங்கை சிப்புட் | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். பட்டணத்தில் சின்னதா ஒரு போட்டோஸ்டேட் கடை வெச்சிருக்கேன். கடை மெஷின் ஒரு பழைய திங்க்பேட் டி440பி. நான்காம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி. செகண்ட்ஹேண்டில் வாங்கினப்பவே விண்டோஸ் 10 போட்டுத்தான் கொடுத்தாங்க. போன வருஷம் நானே லினக்ஸ் மின்ட்ங்கிற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் பக்கத்தில் ஏத்திக்கிட்டேன். பிரிண்டர் சாஃப்ட்வேரும் மகளோட பள்ளிக்கூட வேலையும் விண்டோஸில். அழைப்பிதழ், நோட்டீஸ், கருமாதி கார்டு எல்லாம் மின்டில், ஸ்கிரைபஸ்ங்கிற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் வெச்சு.

ஆடி வந்துட்டா இங்கே சுத்துப்பட்டுத் தோட்டத்துக் கோயில் எல்லாம் ஒரே வாரத்தில் அழைப்பிதழ் கேட்கும். அம்மன் படம் பெரிய சைஸில் ரெண்டு திறந்து, பிரவுசரும் ஓடினா மெஷின் அப்படியே நின்னுடுது. மவுஸ் கூட நகராது.

ரேம் கூட்டலாம்னு ஒரு கடையில் கேட்டேன். "உங்ககிட்ட ரெண்டு சிஸ்டம் இருக்கு, ரேமை ரெண்டும் பாதிப் பாதியா பிரிச்சுக்கும். 8 போட்டா ஆளுக்கு 4 தான். 16 போட்டாத்தான் உங்களுக்கு 8 கிடைக்கும்" என்கிறார். நிஜமா? போட்ட பிறகு ரெண்டு சிஸ்டத்தையும் மறுபடி ஏத்தணுமா? மின்ட் ஏத்தும்போது 4 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷன் (ரேம் பத்தாதப்ப டிஸ்க்கில் எடுத்துக்கிற இடம்) போட்டேன், அதையும் பெருசாக்கணுமா?

இன்னொரு சந்தேகம், இதுக்குச் சம்பந்தம் இருக்கான்னு தெரியலை. ரெண்டுக்கும் பொதுவா ஒரு டி டிரைவ் இருக்கு. சில நாள் மின்டில் அதைத் திறந்தா படிக்க மட்டும்தான் விடுது, சேமிக்க விட மாட்டேங்குது.

---

திருப்புளி | ஈப்போ | திங்கள், இரவு 9.40

பாதிப் பாதி கதையை நம்பாதீங்க. பிரிச்சு வைக்கிறது டிஸ்க்கைத்தான். ரேமுக்குப் பார்ட்டிஷன் கிடையாது. எந்த சிஸ்டத்தில் ஏறுறீங்களோ அதுக்கு முழு ரேமும். கரண்ட் போனா ரேமில் எதுவும் மிஞ்சாது, அடுத்து வர்றவனுக்கு வெறும் இடம்தான். மறுபடி எதையும் ஏத்த வேண்டாம்.

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை:

1. மெஷின் நிக்கிற அந்த நேரத்தில் டெர்மினலில் ஃப்ரீ கட்டளை அடிச்சு ஸ்வாப் எவ்வளவு ஓடுதுன்னு பாருங்க. ஸ்வாப் சும்மா இருந்தா ரேம் மேல தப்பு இல்லை.
2. டிஎம்ஐடிகோட் கட்டளையில் மெமரின்னு கேட்டா எந்த ஸ்லாட்டில் எத்தனை ஜிபி இருக்குன்னு சொல்லும். அடியைத் திறக்காமலே தெரிஞ்சுடும்.

---

பழைய கிராணி | தாப்பா | திங்கள், இரவு 10.25

தம்பி திருப்புளி சொன்னதை எங்கள் தோட்டத்து வழியில் சொல்லிப் பார்க்கிறேன். பெரட்டுக்களம் நினைவிருக்கிறதா? விடியற்காலையில் அங்கே பெரட்டு. பேர் கூப்பிட்டு, வேலை பிரித்து, ஆட்கள் நிரைக்குப் போய்விட்டால் களம் காலி. சாயங்காலம் அதே களத்தில் பையன்கள் பந்தடிப்பார்கள். காலையில் பெரட்டுக்கு நின்றவர்கள் பாதிக் களத்தில் நின்றதில்லை, மாலையில் பந்தடித்தவர்களும் பாதிக் களத்தில் ஓடியதில்லை. ஒரே மெஷினில் இரண்டு சிஸ்டத்தை மாற்றி மாற்றி ஏற்றும் டூயல் பூட் அதுதான்.

பெரட்டு நடக்கும்போதே ஓர் ஓரத்தில் பந்தும் ஆடுவேன் என்றால்தான் கோடு கிழித்துப் பிரிக்க வேண்டும். மின்டுக்குள்ளேயே விண்டோஸை மெய்நிகர் மெஷினாக ஓட்டுவது அந்த வகை. உங்கள் கடைக்காரர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டார் என்று நினைக்கிறேன். 16 விற்றால் லாபம் கூட என்பதையும் மறந்திருக்க மாட்டார்.

---

பால்மரத்தடி | செவ்வாய், மதியம் 1.05

ஐயா, பெரட்டுக்களத்தை நினைச்சு ரொம்ப நாளாச்சு. எங்க அப்பா பேரை அங்கே கூப்பிட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கு.

திருப்புளி அண்ணே, பார்த்தேன். மொத்தம் 3.6, மெஷின் நின்னப்ப ஸ்வாப்பில் 2.3 ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஸ்லாட் ரெண்டு, ரெண்டிலும் 2 ஜிபி. அப்போ காலி ஸ்லாட்டே இல்லையா?

---

திருப்புளி | செவ்வாய், மதியம் 1.31

இல்லை. ஒன்னைக் கழட்டித்தான் ஆகணும். இந்த மெஷின் மொத்தம் 16 வரைக்கும் தாங்கும், ஸ்லாட்டுக்கு 8. ரெண்டு 4 வாங்கினா டூயல் சேனல், அதாவது ரெண்டு கட்டையும் சேர்ந்து வேலை செய்யும், கொஞ்சம் வேகம். ஆனா பின்னாடி 16 ஆக்கணும்னா ரெண்டையும் தூக்கிப் போடணும். ஒரே ஒரு 8 வாங்கிப் போடுங்க. ஆடி முடிஞ்சு காசு வந்தா இன்னொரு 8. அப்போ டூயல் சேனலும் கிடைச்சுடும்.

முக்கியம்: இந்தத் தலைமுறைக்கு டிடிஆர்3எல் தான், 1.35 வோல்ட். வெறும் டிடிஆர்3 1.5 வோல்ட். பார்க்க ரெண்டும் ஒன்னு, 204 பின், வெட்டும் ஒரே இடத்தில், ஸ்லாட்டில் பூப்போல உட்காரும். உட்கார்ந்துட்டா சரின்னு நினைக்காதீங்க. ஸ்டிக்கரில் பிசி3 என்பதற்குப் பக்கத்தில் எல் எழுத்து இருக்கணும், அப்புறம்தான் 12800.

---

நிரலி | கூலிம் | செவ்வாய், இரவு 8.50

அண்ணே, டி டிரைவ் விஷயத்தை எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க. ரேம் மாத்துறதுக்கு முன்னாடி கவனிக்க வேண்டியது அதுதான்.

விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. நீங்க ஷட் டவுன் கொடுத்தால் அது முழுசா அணையாது. உங்க புரோகிராம்களை மூடிவிட்டு, தன்னோட உள் பகுதியை மட்டும் டிஸ்க்கில் எழுதி வெச்சுட்டுத் தூங்கும். அடுத்த தடவை அதை ரேமில் திருப்பி ஊத்தி வேகமா எழுந்துக்கும். டிரைவ்களையும் அது "இன்னும் என் கையில்தான்" என்கிற நிலையில் விட்டு வைக்கும். மின்ட் அதைப் பார்த்துட்டு, எழுதினா ஃபைல் கெட்டுப் போகும்னு படிக்க மட்டும் திறக்குது. மின்ட் உங்களுக்குத் தொல்லை கொடுக்கலை, காப்பாத்துது. சில நாள்தான் நடக்குதுன்னு சொன்னீங்களே, ரீஸ்டார்ட் கொடுத்து மாறின நாளில் இந்தப் பிரச்சினை இருந்திருக்காது. ரீஸ்டார்ட் முழுசா அணைச்சு எழுப்பும்.

இப்போ ரேமுக்கு வருவோம். 4 ஜிபி இருந்தப்ப எழுதி வெச்ச தூக்கத்தை 8 ஜிபி மெஷினில் எழுப்பப் பார்க்கக் கூடாது. அதனால் கழட்டுற நாளில் விண்டோஸை முழுசா அணைங்க. ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ஷட் டவுன் கொடுத்தா போதும். ஆனா டூயல் பூட் வெச்சிருக்கிறவங்க ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையே நிரந்தரமா நிறுத்திடறதுதான் நல்லது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஹைபர்னேட் (அந்தத் தூக்கம்) ஆஃப் கொடுங்க.

நிறுத்தினா இன்னொரு லாபம். அந்தத் தூக்க ஃபைல் விண்டோஸ் 10-ல் சாதாரணமா ரேமில் 40 விழுக்காடு. ரேம் 8 ஆனா 3.2 ஜிபி, 16 ஆனா 6.4 ஜிபி. 120 ஜிபி டிஸ்க்கை ரெண்டு சிஸ்டத்துக்குப் பங்கு போட்டிருக்கீங்க. ரேம் கூட்டினவுடனே சி டிரைவ் நிறைஞ்சு போச்சுன்னு நிறையப் பேர் புலம்புறது இதனாலதான்.

---

லுனாஸ் தம்பி | லுனாஸ் | செவ்வாய், இரவு 9.17

ஸ்வாப் பற்றி யாரும் சொல்லலையே லா. ரேமைப் போல ரெண்டு மடங்கு ஸ்வாப் வெக்கணும்னு எங்க லெக்சரர் சொன்னார். அப்போ 8-க்கு 16 ஜிபி?

---

நிரலி | செவ்வாய், இரவு 9.33

தம்பி, ரேம் 256 எம்பி இருந்த காலத்துக் கணக்கு அது. 120 ஜிபி டிஸ்க்கில் 16-ஐ ஸ்வாப்புக்குத் தூக்கிக் கொடுத்தா அண்ணன் அம்மன் படத்தை எங்கே வெப்பார்? இருக்கிற 4 தாராளம்.

லினக்ஸில் ஹைபர்னேட் பண்ணுவேன்னா மட்டும் கதை வேற. ரேமில் இருக்கிறதை ஸ்வாப்பில்தான் எழுதி வைக்கும், அப்போ ரேம் அளவுக்கு இடம் இருக்கிறது நல்லது. டூயல் பூட்டில் நான் அதைச் செய்ய மாட்டேன். ஒரு சிஸ்டத்தைத் தூங்க வெச்சுட்டு இன்னொன்னில் ஏறிப் பொது டிரைவில் கை வெச்சா, தூங்கினவன் எழுந்து பழைய கணக்கை வெச்சு எழுதுவான். போச்சு.

---

திருப்புளி | செவ்வாய், இரவு 9.41

ஸ்வாப்பில் நான் வேற கட்சி. 8 ஜிபி மெஷினுக்கு 8 இருக்கட்டும்னு சொல்வேன். கிம்ப் மாதிரி படம் திருத்துற சாஃப்ட்வேரில் பெரிய படம் போடுறவருக்கு 4 பத்தாம போனா, மெஷின் தானே ஒரு புரோகிராமைக் கொன்னுடும். அது சேமிக்காத அழைப்பிதழா இருக்கும். பார்ட்டிஷனைத் தொட வேண்டாம், மின்டுக்குள்ள ஒரு ஸ்வாப் ஃபைல் கூட்டினா போதும்.

---

நிரலி | செவ்வாய், இரவு 9.46

அதுவும் சரிதான் அண்ணே. ஃபைல்னா வேண்டாதப்ப அழிச்சுக்கலாம்.

---

பால்மரத்தடி | வியாழன், மாலை 6.20

இன்னைக்கு வாங்கிட்டேன். 8 ஜிபி ஒன்னு, 60 வெள்ளி (ரிங்கிட்). ஹைபர்னேட் ஆஃப் பண்ணேன், முழுசா அணைச்சேன், பேட்டரியைக் கழட்டினேன், அடி மூடியின் ரெண்டு திருகாணியைத் தளர்த்தித் திறந்தேன். பழசு ரெண்டையும் எடுத்துட்டுப் புதுசைச் சாய்வா நுழைச்சு அமுக்கினேன், ரெண்டு பக்கமும் கிளிப் டக்குனு விழுந்துச்சு.

பவர் கொடுத்தா பீப் பீப்னு கத்துது. திரை கறுப்பு. இப்போ என்ன பண்ண? நாளைக்கு ஒரு நோட்டீஸ் கொடுக்கணும்.

---

திருப்புளி | வியாழன், மாலை 6.24

ஸ்டிக்கரைப் படிங்க.

---

பால்மரத்தடி | வியாழன், மாலை 6.31

...எல் இல்லை. பிசி3, கோடு, 12800. அவ்வளவுதான்.

நான் தெளிவா கேட்டுத்தான் வாங்கினேன் அண்ணே. "எல்லாம் ஒன்னுதான் பாஸ், லேப்டாப் ரேம்" அப்படீன்னாங்க. நானும் அவசரத்தில் பார்க்கலை.

---

திருப்புளி | வியாழன், மாலை 6.38

பழைய ரெண்டையும் மாட்டி நோட்டீஸை முடிங்க. இந்த ரேமை நாளைக்கே திருப்பிக் கொடுத்து எல் உள்ளதை வாங்குங்க. மெஷினுக்கு ஒன்னும் ஆகியிருக்காது.

---

பழைய கிராணி | வியாழன், இரவு 8.02

ஒரு எழுத்து விட்டுப்போனதில் ஒரு நாள் போயிற்று. செக்ரோல் என்ற சம்பளக் கணக்குப் புத்தகத்தில் ஒரு சுழி தப்பினால் ஒரு குடும்பத்தின் அரை மாதச் சம்பளம் போகும், நான் அந்தப் பயத்திலேயே முப்பது வருடம் எழுதினவன். கடைக்காரர் மாற்றித் தருகிறாரா என்று சொல்லுங்கள்.

---

பால்மரத்தடி | சனி, காலை 11.15

முகத்தைச் சுளிச்சாங்க, ஆனா மாத்திக் கொடுத்தாங்க. இப்போ எல் இருக்கு, ரெண்டு தடவை படிச்சேன், மகளையும் படிக்கச் சொன்னேன்.

மெஷின் எழுந்துடுச்சு! மின்டில் 7.6 காட்டுது. அம்மன் படம் மூனு திறந்து, பிரவுசரில் இருபது டேப் வெச்சுப் பார்த்தேன், ஸ்வாப் பூஜ்யம்.

ஆனா ஒரு விஷயம் நெஞ்சைக் குத்துது. விண்டோஸில் ஏறிப் பார்த்தா "8 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 2.9" என்கிறது. நீங்கள்லாம் இல்லைன்னு சொன்னீங்க, அந்தக் கடைக்காரர் சொன்ன மாதிரி பிரிச்சுக்கிட்டது போலத்தானே இருக்கு? மீதி 5-ஐ மின்ட் பிடிச்சு வெச்சிருக்கா?

---

லுனாஸ் தம்பி | சனி, காலை 11.29

அண்ணே, எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பக்கம் போய் அட்வான்ஸ்ட் ஆப்ஷனில் மேக்ஸிமம் மெமரி டிக் ஆகியிருக்கான்னு பாருங்க. என் கூட்டாளி ஒருத்தன் மெஷின் அப்படித்தான் இருந்துச்சு.

---

நிரலி | சனி, காலை 11.48

டிக்கையும் பாருங்க, ஆனா எனக்கு வேற சந்தேகம். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட். அதில் சிஸ்டம் டைப் என்ன போட்டிருக்கு? மின்ட் அணைஞ்சு கிடக்கிறப்போ அதால ஒரு பைட் கூடப் பிடிச்சு வைக்க முடியாது அண்ணே.

---

பால்மரத்தடி | சனி, மதியம் 12.10

டிக் இல்லை. சிஸ்டம் டைப்: 32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர்.

---

நிரலி | சனி, மதியம் 12.34

அகப்பட்டுச்சு. செகண்ட்ஹேண்டில் விற்றவங்க 64-பிட் மெஷினில் 32-பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருக்காங்க.

32 பிட்டில் எழுதக்கூடிய முகவரி மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம், அதாவது 4 ஜிபி. அந்த முகவரிகளிலும் மேல் பகுதியை கிராஃபிக்ஸ், மற்ற சாதனங்கள் எல்லாம் தங்களுக்குன்னு எடுத்துக்கும். மிச்சம்தான் உங்க 2.9. நீங்க 16 போட்டாலும் அது 2.9 தான் காட்டும்! முன்னாடி 4 இருந்தப்பவும் இதே 2.9 தான் இருந்திருக்கும், நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. மின்ட் 20-லிருந்து, அதாவது 2020-லிருந்து, உபுண்டு வழி வரும் பதிப்பு 64-பிட்டில் மட்டும்தான் வருது. அதனால அது முழுசையும் பார்க்குது.

ஆக ரெண்டும் ரேமுக்காகச் சண்டை போடலை. ஒருத்தருக்கு எண்ணத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

---

பழைய கிராணி | சனி, மதியம் 1.15

களம் பெரிது, பெரட்டுப் புத்தகத்தில் வரி தீர்ந்துவிட்டது!

---

பால்மரத்தடி | சனி, மதியம் 2.40

அப்போ 64-பிட் விண்டோஸ் ஏத்தணும், அப்படித்தானே? லைசென்ஸ் மறுபடி காசா? மின்ட் போயிடுமா?

---

திருப்புளி | சனி, மாலை 4.05

லைசென்ஸ் அதேதான். ஹோம்னா ஹோம், புரோன்னா புரோ, பதிப்பு மாறாம இருந்தா 64-க்கும் செல்லும். ஆனா 32 மேல 64-ஐ அப்கிரேடா ஏத்த முடியாது, சுத்தமா புதுசா போடணும். முதல்ல சி-யில் இருக்கிறதை வெளி டிரைவில் எடுத்து வைங்க. பிரிண்டருக்கு 64-பிட் டிரைவர் இருக்கான்னும் முன்னாடியே பாருங்க, அது இல்லைன்னா நீங்க விண்டோஸ் வெச்சிருக்கிறதே வீண்.

மின்ட் போறதும் இருக்கிறதும் உங்க விரலில்தான் இருக்கு. விண்டோஸ் ஏத்தும்போது டிஸ்க் பட்டியல் ஒன்னு வரும். மின்ட் பார்ட்டிஷன் அதில் பேர் இல்லாமத்தான் நிக்கும், விண்டோஸுக்கு அது யாருன்னு தெரியாது. "இது என்ன, சும்மா கிடக்கு"ன்னு டிலீட் அமுக்கினவங்க என் கடைக்கு மாசத்துக்கு ஒருத்தராவது வருவாங்க. பழைய விண்டோஸ் பார்ட்டிஷனை மட்டும் அளவு பார்த்து ஃபார்மேட் பண்ணுங்க. அளவை இப்பவே ஒரு தாளில் எழுதி வைங்க.

உங்க பழைய விண்டோஸ் 32-பிட், அப்போ மெஷின் பழைய பயாஸ் முறையில்தான் பூட் ஆகுது (பயாஸ்னா மெஷினை எழுப்பி விடுற உள் நிரல்). புது யூஎஸ்பியையும் அதே முறையில் ஏத்துங்க. முடிஞ்சதும் நேரா விண்டோஸ் வரும், எந்த சிஸ்டம் வேணும்னு கேட்கிற மின்ட் மெனு காணாம போயிருக்கும். பயப்படாதீங்க. பூட் ஆகிற இடத்தில் விண்டோஸ் தன் பேரை எழுதிட்டது, அவ்வளவுதான். மின்ட் யூஎஸ்பியில் ஏறி, மெனுவில் பூட் ரிப்பேர்னு இருக்கும், அதை ஓட்டினா ரெண்டும் திரும்ப வரும்.

---

லுனாஸ் தம்பி | சனி, மாலை 4.50

விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுடுச்சே. அதுக்குப் போய் இவ்வளவு பாடா? 11 போடலாமே.

---

நிரலி | சனி, மாலை 5.22

11 கேட்கிறது இன்டெலில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு அம்சமும். இது நான்காம் தலைமுறை. சுத்தி வளைச்சு ஏத்துறவங்க இருக்காங்க, கடை மெஷினில் நான் செய்யச் சொல்ல மாட்டேன். என் கருத்து: பேங்க், இமெயில், இன்டர்நெட் எல்லாம் மின்டுக்கு மாத்திடுங்க. விண்டோஸ் பிரிண்டருக்கு மட்டும், நெட்டை எடுத்து விட்டுட்டு ஓட்டுங்க. அப்போ 32-பிட்டாவே கிடந்தாலும் பரவாயில்லை, பிரிண்டருக்கு 2.9 போதும்.

---

பால்மரத்தடி | சனி, இரவு 9.30

மகளோட ஸ்லைடு வேலை விண்டோஸில்தான் தங்கச்சி, அவளுக்கு 2.9 பத்தலை. ஏத்திப் பார்த்துடறேன். ரேம் புதுசுதானே, அதனால ராத்திரி மின்ட் மெனுவில் இருக்கிற, ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்டை ஓட விட்டுத் தூங்கப் போறேன்.

---

பால்மரத்தடி | திங்கள், இரவு 10.02

முடிஞ்சுது.

மெம்டெஸ்ட் ஞாயிறு காலை வரைக்கும் ஓடுச்சு. நடுவில் இடி மழை, அரை மணி கரண்ட் இல்லை, பேட்டரி தாங்கிக்கிச்சு. ஒரு பிழை கூட இல்லை. பிரிண்டருக்கு 64-பிட் டிரைவர் இருந்துச்சு. டிஸ்க் பட்டியலில் அண்ணன் சொன்ன மாதிரியே பேர் இல்லாம ஒன்னு நின்னுச்சு, தாளைப் பார்த்து நாலு தடவை சரிபார்த்துட்டுத்தான் கை வெச்சேன். மெனு காணாம போச்சு, பூட் ரிப்பேரில் திரும்ப வந்துச்சு. விண்டோஸ் இப்போ 7.7 காட்டுது. பவர்சிஎஃப்ஜியை மறுபடி ஒருக்கா அடிச்சேன், புது விண்டோஸ் இல்லையா.

ஒன்னே ஒன்னு. மின்டில் மணி சரி. விண்டோஸுக்கு மாறினா எட்டு மணி நேரம் பின்னாடி போயிடுது. ரேமுக்கும் இதுக்கும்?

---

நிரலி | திங்கள், இரவு 10.11

சம்பந்தமே இல்லை. மெஷினுக்குள்ள இருக்கிற கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம்னு படிக்கும். மலேசியாவில் நாம அதுக்கு எட்டு மணி முன்னாடி இருக்கோம், அதான் கணக்கு. மின்டில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட் லோக்கல் ஆர்டிசி 1 கொடுத்தா அதுவும் உள்ளூர் நேரத்துக்கு வந்துடும். பழைய விண்டோஸில் இதை யாரோ சரி பண்ணி வெச்சிருந்திருக்கணும்.

---

பழைய கிராணி | திங்கள், இரவு 10.40

1982 ஜனவரி 1-க்கு முன்னால் என்றால் ஏழரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். மலேசியத் தீபகற்பத்தில் அன்றைக்கு எல்லாரும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தோம். பெரட்டுச் சங்கு அன்றைக்கு இருட்டில் ஊதியது, யாருக்கும் பிடிக்கவில்லை.

---

லுனாஸ் தம்பி | திங்கள், இரவு 10.58

அண்ணே, கழட்டின ரெண்டு 2 ஜிபி சும்மாதானே கிடக்கு? என்கிட்ட இரண்டாம் தலைமுறை ஐ3 ஒன்னு இருக்கு, ஒரு ஸ்லாட் காலி. அதுக்கு டிடிஆர்3. உங்களது எல், ஓடுமா?

---

திருப்புளி | திங்கள், இரவு 11.04

ஓடும். எல் கட்டை 1.5 வோல்ட்டையும் தாங்கும். எல் பழைய மெஷினுக்குப் போகலாம், எல் இல்லாதது இந்த மெஷினுக்கு வரக் கூடாது.

---

பால்மரத்தடி | செவ்வாய், காலை 7.50

தம்பிக்கு ஒன்னு தபாலில் அனுப்பறேன், முகவரியைத் தனி மெசேஜில் போடு. இன்னொன்னு கடை மேசையில் இருக்கட்டும். ஸ்டிக்கரைக் காட்டிப் பேச வேண்டியவங்க இந்த ஊரில் நிறைய இருக்காங்க.